பாட்டியிடம் பேச ஒரு மொழி வகுப்பு! - சிங்கப்பூர் பேரப்பிள்ளைகளின் ஹொக்கியன் பாடம்

சிங்கப்பூர் போய் வந்த சொந்தக்காரர் யாராவது உங்களுக்கு இருந்தால், 'தேக்கா' என்ற பெயரை நிச்சயம் கேட்டிருப்பீர்கள். 'தேக்காவுல மல்லிப்பூ கிடைக்கும்', 'தேக்கா மார்க்கெட்ல ஆட்டுக்கறி நல்லா இருக்கும்' என்பார்கள். லிட்டில் இந்தியாவின் நடுநாயகமாக இருக்கும் சந்தை அது. அங்குள்ள தமிழர்கள் அந்த வட்டாரத்தையே தேக்கா என்றுதான் சொல்வார்கள்.

கேட்பதற்கு நம் ஊர்ப் பெயர் மாதிரி இருக்கிறது, இல்லையா? ஆனால் அது ஹொக்கியன் என்ற சீன மொழிப் பெயர். 'தெக் கியா கா' என்றால் மூங்கில் அடி. அந்தக் காலத்தில் ரோச்சோர் கால்வாய்க் கரையில் மூங்கில் அடர்ந்து வளர்ந்ததால் வந்த பெயர். 1982-ல் அங்கே புதிய கட்டடம் எழுந்தபோது, அதே சீன எழுத்துகளை மாண்டரின் மொழியில் வாசித்து 'ஜூஜியாவ்' என்று பெயர்ப்பலகை வைத்தார்கள். காய்கறி வாங்க வந்தவர்களின் வாயில் அந்தப் பெயர் ஒட்டவே இல்லை. 2000-ம் ஆண்டில் பலகை மறுபடியும் 'தேக்கா' என்று மாறியது.

சந்தைக்கு அதன் பெயரைத் திருப்பிக் கொடுக்க ஒரு பலகை போதும். அந்தப் பெயரைச் சொல்லியே வளர்ந்த பாட்டி, தாத்தாக்களுக்குப் பேச்சுத் துணையைத் திருப்பிக் கொடுப்பது அவ்வளவு சுலபமில்லை. அதற்காகத்தான் இன்று சிங்கப்பூரில் படித்து வேலைக்குப் போகும் இளைஞர்கள் சிலர், வேலை முடிந்த மாலையில் நோட்டும் பேனாவுமாக ஹொக்கியன் வகுப்பில் போய் உட்காருகிறார்கள். வெளிநாட்டு வேலைக்கோ தேர்வுக்கோ அந்த மொழி உதவப்போவதில்லை. தன் வீட்டுப் பாட்டியிடம் நாலு வார்த்தை பேச வேண்டும், அவ்வளவுதான்.

சொந்தப் பாட்டியிடம் பேச வகுப்புக்குப் போவதா என்று நமக்குத் தோன்றும். அந்த நிலை எப்படி வந்தது?

கப்பலில் வந்த மொழி

தென்கிழக்குச் சீனாவில் ஃபூஜியான் என்று ஒரு மாகாணம். அந்தப் பெயரை அந்த ஊர்க்காரர்கள் தங்கள் பேச்சில் சொன்னால் 'ஹொக்கியன்'. மாகாணத்தின் தென்பகுதியில் உள்ள ஷியாமென், சுவான்ஜோ, ஜாங்ஜோ நகரங்களைச் சுற்றிப் பேசப்படும் மொழி இது. அங்கிருந்து கப்பல் ஏறிய வணிகர்களும் கூலித் தொழிலாளர்களும் தைவான், பினாங்கு, சிங்கப்பூர், மணிலா என்று போன இடமெல்லாம் அதைக் கொண்டுபோனார்கள். சிங்கப்பூர் சீனர்களில் மிகப் பெரிய பிரிவு ஹொக்கியன்காரர்கள்தான்.

நமக்கும் அவர்களுக்கும் பழைய பந்தம் உண்டு. சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெரு என்று ஒன்று இருக்கிறது. இன்று அதைச் சுற்றி அலுவலகக் கட்டடங்கள். கடலை மண்ணிட்டு நிரப்புவதற்கு முன்பு அதுதான் கடற்கரை. கப்பலில் வந்து இறங்கியவர்கள் உயிரோடு கரை சேர்ந்ததற்கு நன்றி சொல்ல அங்கேயே வழிபாட்டு இடங்களைக் கட்டினார்கள். தென்னிந்திய முஸ்லிம்கள் 1828 முதல் 1830 வரை கட்டிய நாகூர் தர்கா அங்கே இருக்கிறது. சில அடி தூரத்தில், கடல் தேவதை மாசுவுக்காக ஹொக்கியன்காரர்கள் கட்டிய தியான் ஹொக் கெங் கோயில் இருக்கிறது. 1842-ல் கட்டி முடிக்கப்பட்டது. ஒரே தெருவில் தமிழும் ஹொக்கியனும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

வார்த்தைகளிலும் அந்தப் பழக்கம் தெரியும். நாம் 'தேயிலை' என்கிறோமே, அதில் உள்ள 'தே' ஹொக்கியன் பேசும் துறைமுகங்களிலிருந்து கடல்வழியாகக் கிளம்பிய சொல். ஆங்கிலத்தின் 'டீ'யும் அதன் உறவுதான். 'சாயா' வேறொரு சீன உச்சரிப்பிலிருந்து வந்தது. மலேசியத் தமிழர்கள் முதலாளியைத் 'தவுக்கே' என்பார்கள். பண்டிகைக்குப் பிள்ளைகளுக்குப் பணம் வைத்துக் கொடுக்கும் உறையை 'அங்பாவ்' என்பார்கள். இரண்டும் ஹொக்கியன். பதிலுக்கு அவர்களும் வாங்கிக்கொண்டார்கள். சிங்கப்பூர், பினாங்கு ஹொக்கியன் பாட்டிகள் ரொட்டியை 'லோ-தி' என்கிறார்கள். மலாய் வழியாகப் போன நம் ரொட்டிதான் அது. சந்தையை 'பா-சாட்' என்கிறார்கள். பாரசீகத்து 'பஜார்' மலாயில் 'பசார்' ஆகி அங்கே போய்ச் சேர்ந்தது.

ஒரே வீடு, மூன்று மொழி

ஒரு காலத்தில் சிங்கப்பூர்ச் சந்தையில் வியாபாரம் செய்ய ஹொக்கியன் கட்டாயம் தெரிய வேண்டும். தமிழ், மலாய்க் கடைக்காரர்கள்கூட ஓரளவு பேசுவார்கள். 1961-ல் ஹொங் லிம் தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது. அப்போதைய பிரதமர் லீ குவான் யூ வீட்டில் ஆங்கிலமும் மலாயும் பேசி வளர்ந்தவர். அந்த மக்களிடம் போய்ப் பேச வேண்டுமே என்று 37 வயதில் ஹொக்கியன் கற்றுக்கொண்டார். பிரதமரே ஆசிரியர் வைத்துப் படிக்கும் அளவுக்கு அந்த மொழிக்கு மதிப்பு இருந்தது.

அதே லீ குவான் யூதான் 1979 செப்டம்பரில் 'மாண்டரின் பேசுவோம்' இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். மாண்டரின் அதிகம் பேசுங்கள், வட்டார மொழியைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் செய்தி.

அவர்கள் சொன்ன காரணத்தையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். சீனர்களுக்குள்ளேயே ஹொக்கியன், தியோசூ, கேன்டனீஸ், ஹக்கா, ஹைனானீஸ் என்று பல மொழிகள். ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரியாது. பள்ளியில் ஆங்கிலமும் மாண்டரினும் படிக்க வேண்டும். அந்த ஆண்டு வெளிவந்த கல்வி அறிக்கை ஒன்று, சுமார் 85 சதவிகிதப் பிள்ளைகள் தங்கள் வீட்டில் பேசாத இரண்டு மொழிகளில் பள்ளியில் படிக்கிறார்கள் என்று சொன்னது. வீட்டில் ஒன்று, பள்ளியில் இரண்டு என மூன்று மொழிகளைச் சின்னத் தலைகள் தாங்காது. வீட்டு மொழியை விட்டுவிட்டால் மாண்டரின் நன்றாக வரும் என்று அரசு நினைத்தது.

1980-களின் தொடக்கத்தில் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வட்டார மொழி நிகழ்ச்சிகள் படிப்படியாக நின்றுபோயின. தினமும் கதை சொல்பவரின் குரலுக்காக வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்த வீடுகளில் அந்தக் குரல் ஓய்ந்தது. பெற்றோர்களும் ஒத்துழைத்தார்கள். தங்களுக்குள் ஹொக்கியன், பிள்ளைகளிடம் மாண்டரின் அல்லது ஆங்கிலம் என்று பிரித்துக்கொண்டார்கள். பிள்ளை நன்றாகப் படிக்க வேண்டும் என்ற ஆசையில் செய்ததுதான். யாரைக் குறை சொல்வது?

விளைவைக் கணக்கெடுப்பு சொல்கிறது. வீட்டில் அதிகம் பேசும் மொழி எது என்ற கேள்விக்கு 1990-ல் சீனர்களில் பாதிப் பேர் ஏதாவது ஒரு வட்டார மொழியைச் சொன்னார்கள். 2020-ல் அப்படிச் சொன்னவர்கள் சுமார் 12 சதவிகிதம். அதோடு நிற்கவில்லை. எந்த மாண்டரினுக்காக ஹொக்கியனை விட்டார்களோ, அந்த மாண்டரினையும் ஆங்கிலம் முந்திவிட்டது. 2020-ல் சீனர்களில் கிட்டத்தட்ட 48 சதவிகிதம் பேர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம். மாண்டரின் 40 சதவிகிதம்.

ஆக, பாட்டிக்கு ஹொக்கியன், அப்பா அம்மாவுக்கு மாண்டரின், பேரனுக்கு ஆங்கிலம். சாப்பாட்டு மேசை மட்டும் ஒன்று.

இரண்டாவது வாக்கியம் எங்கே?

பேரப்பிள்ளைகளுக்கு ஒரு வாக்கியம் மட்டும் எப்படியும் தெரியும். 'ஜியாக் பா புவே?' அதாவது, 'சாப்பிட்டாச்சா?' நம்மைப் போலவே அவர்களுக்கும் அதுதான் நலம் விசாரிப்பு. வீட்டுக்குள் நுழைந்ததும் பாட்டி கேட்பார். பேரன் 'ஆச்சு' என்று தலையாட்டுவான். பாட்டி ஒரு பழத்தை நறுக்கி வைப்பார். அதற்குப் பிறகு?

அந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் சிக்கல். பாட்டிக்குச் சொல்வதற்கு ஆயிரம் இருக்கிறது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்று பிழைத்த கதையைத் தன் அம்மா சொல்லக் கேட்டிருப்பார். குடிசையிலிருந்து அடுக்குமாடி வீட்டுக்கு மாறிய நாள் நினைவிருக்கும். தாத்தாவை முதன்முதலில் பார்த்தது மறந்திருக்காது. கேட்க ஆசையோடு பேரனும் எதிரே உட்கார்ந்திருக்கிறான். நடுவில் அம்மாவோ அப்பாவோ மொழிபெயர்ப்பாளராக வேண்டியிருக்கிறது. பாட்டி ஐந்து நிமிடம் கைகளை ஆட்டி, சிரித்து, கண் கலங்கிச் சொன்னதை அம்மா ஒரே வரியில் சொல்வார்: 'அந்தக் காலத்துல ரொம்பக் கஷ்டப்பட்டாங்களாம்.' மொழிபெயர்ப்பில் கதையின் சுருக்கம் வந்துவிடும். ஆள் வரமாட்டார்.

இன்னொரு இழப்பும் உண்டு. வீட்டின் மொழி மாறும்போது, அதில் பெரியவர்களின் இடமும் மாறுகிறது. ஒரு காலத்தில் சந்தையில் பேரம் பேசி, சீட்டுப் பிடித்து, அக்கம்பக்கத்துச் சண்டையைத் தீர்த்து வைத்தவர், இப்போது கிளினிக்குக்குப் போனால் வாய் திறக்க இன்னொருவர் வேண்டும். டி.வி-யில் என்ன சொல்கிறார்கள் என்று யாரையாவது கேட்க வேண்டும். பேச்சில் வல்லவராக இருந்தவர் வீட்டிலேயே பேசாதவர் ஆகிவிடுகிறார். பிள்ளைகள் அவரை 'அமைதியான பாட்டி' என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அவர் அமைதியானவரே இல்லை!

அரசுக்கும் இது புரியாமல் இல்லை. 2016-ல் முதியவர்களுக்கான திட்டங்களை எடுத்துச் சொல்ல ஹொக்கியன் தொலைக்காட்சித் தொடர் ஒன்று ஒளிபரப்பானது. இயக்கியவர் ராய்ஸ்டன் டான். தொடரின் பெயரே 'சாப்பிட்டாச்சா?' என்பதுதான். கொரோனா காலத்திலும் முதியவர்களுக்கான தகவல்கள் வட்டார மொழிகளில் வந்தன. உயிர்காக்கும் செய்தி என்று வந்துவிட்டால், அவரவர் பழகிய மொழியில்தான் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

வாங்குவதும் விற்பதும் ஒரே சொல்!

சரி, கற்றுக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தால் அடுத்த அதிர்ச்சி. மாண்டரினில் முக்கியமான தொனிகள் நான்கு. ஹொக்கியனில் பெரும்பாலான ஊர்ப் பேச்சுகளில் ஏழு. குரலை ஏற்றுவதும் இறக்குவதும் மட்டத்தில் நிறுத்துவதும் வெட்டி முடிப்பதும் அர்த்தத்தையே மாற்றும். 'வாங்குவது', 'விற்பது' இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே ஒலி. தொனி மட்டும்தான் வேறு. குரல் பிசகினால் மீன் வாங்க வந்தவர் மீன் விற்க வந்தவர் ஆகிவிடுவார்.

இதோடு முடியவில்லை. ஒரு சொல்லுக்குப் பின்னால் இன்னொரு சொல் வந்தால், முதல் சொல்லின் தொனி மாறிவிடும். நமக்கு இதை விளக்குவது எளிது. பள்ளியில் புணர்ச்சி விதி படித்திருக்கிறோமே, மரம் + வேர் = மரவேர் என்று? சொற்கள் சேரும்போது நமக்கு எழுத்து மாறுகிறது. அவர்களுக்கு ராகம் மாறுகிறது. தனித்தனியாக நூறு சொற்களை மனப்பாடம் செய்தவர், வாக்கியமாகப் பேசும்போது தடுமாறுவது இதனால்தான். இந்த விதியெல்லாம் பாட்டிக்குத் தெரியாது. ஆனால் ஒருபோதும் தவறாது. நம் பாட்டிகளும் நன்னூல் படித்துவிட்டா பேசினார்கள்?

இன்னொரு தலைவலி, எழுத்து. சிங்கப்பூரில் ஹொக்கியன் பெரும்பாலும் வாய்மொழிதான். பாடப் புத்தகமாகப் பள்ளியில் வந்ததில்லை. 19-ம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மிஷனரிகள் ஆங்கில எழுத்துகளில் ஹொக்கியனை எழுத ஒரு முறை வகுத்தார்கள். 1885-ல் தைவானில் அந்த எழுத்திலேயே ஒரு திருச்சபைச் செய்தித்தாள்கூடத் தொடங்கியது. இன்றும் மொழி கற்பவர்களுக்கு அந்த எழுத்துமுறை கைகொடுக்கிறது. ஆனால் எழுதிக்கொண்டு போய்ப் பாட்டியிடம் காட்டினால், அவரால் அதை வாசிக்க முடியாது. காதுதான் ஒரே வழி.

பாட்டியின் ஹொக்கியன் எது?

தைவான் இந்த விஷயத்தில் நிறைய முன்னே போய்விட்டது. அங்கேயும் ராணுவச் சட்டக் காலத்தில் பள்ளியில் ஹொக்கியன் பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். ராணுவச் சட்டம் 1987-ல் விலகியது. 2001 முதல் தொடக்கப் பள்ளிகளில் தாய்மொழிப் பாடம் வந்தது. 2019-ல் அந்த மொழிக்கென்றே பொதுத் தொலைக்காட்சி அலைவரிசை தொடங்கியது. தைவான் கல்வி அமைச்சகத்தின் இணைய அகராதியில் சொல்லைத் தட்டினால் உச்சரிப்பையும் கேட்கலாம். கட்டணம் கிடையாது. அதனால் சிங்கப்பூர், மலேசிய இளைஞர்கள் பலர் போனில் தைவான் தொடர்களைப் பார்த்தும் அந்த அகராதியைக் கேட்டும் ஆரம்பிக்கிறார்கள்.

அங்கேதான் ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. தைவானில் ரொட்டிக்கு 'பாங்'. போர்ச்சுகீசிய மொழியிலிருந்து ஜப்பான் வழியாக வந்த சொல். அதை ஆசையாகக் கற்றுக்கொண்டு வந்து சொன்னால் சிங்கப்பூர்ப் பாட்டிக்குப் புரியாது. அவருக்கு அது 'லோ-தி'. தைவானில் பணம் 'ச்சீ'. சிங்கப்பூர், பினாங்கில் 'லூய்' என்றால்தான் சட்டென்று புரியும். அது மலாய்ச் சொல்லான 'டூயிட்' என்பதிலிருந்து வந்தது. பினாங்கு ஹொக்கியனில் மலாய் இன்னும் அதிகம் கலந்திருக்கும். சிங்கப்பூருக்குள்ளேயே சுவான்ஜோ பக்கத்திலிருந்து வந்த குடும்பத்துக்கும் ஷியாமென் பக்கத்துக் குடும்பத்துக்கும் சில சொற்கள் வேறுபடும். நமக்கு நாகர்கோவில் தமிழும் கோவைத் தமிழும் மாதிரி.

எனவே இந்தப் படிப்பில் ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வது நல்லது. நாம் கற்கப்போவது மொத்த ஹொக்கியனையும் அல்ல. ஒரே ஒருவருடைய ஹொக்கியனை. அதற்கு உலகத்திலேயே சிறந்த ஆசிரியர் உங்கள் வீட்டு நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். வகுப்பும் ஆப்பும் அகராதியும் அவரிடம் போய்ச் சேருவதற்கான படிக்கட்டுகள் மட்டும்தான்.

எங்கே தொடங்கலாம்?

* உறவு முறையிலிருந்து: 'அ மா' என்றால் பாட்டி, 'அ கொங்' என்றால் தாத்தா. அப்பாவின் அண்ணன் 'அ பே', தம்பி 'அ செக்', அப்பாவின் சகோதரி 'அ கோ', அம்மாவின் சகோதரர் 'அ கூ', அம்மாவின் சகோதரி 'அ ஈ'. கவனித்தீர்களா? பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, சித்தி என்று நாம் பிரிப்பது மாதிரியே இருக்கிறது! ஆங்கிலத்தில் எல்லாரும் 'அங்கிள், ஆன்ட்டி'தான். பழைய குடும்பப் புகைப்படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரையும் முறை சொல்லிக் கேட்டால் அதுவே பல நாள் பாடம். முறை தெரிந்ததும் கதை தானாக வரும்.

* சமையலறையிலிருந்து: 'ஜியாக் சிமி?' என்றால் 'என்ன சாப்பிட்டீங்க?'. 'ஹோ ஜியாக்' என்றால் ருசியாக இருக்கிறது. இந்த இரண்டே போதும், 'சாப்பிட்டாச்சா'வுக்கு அடுத்த வாக்கியம் கிடைத்துவிட்டது. பாட்டி சமைக்கும்போது பக்கத்தில் நின்று, கையில் எடுக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் 'இது என்ன?' என்று கேட்கலாம். பொருள் கண்ணெதிரே இருப்பதால் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாது.

* தினம் பத்து நிமிடம்: வாரத்துக்கு ஒருநாள் இரண்டு மணி நேரம் என்பதைவிட, தினமும் பத்து நிமிடம் பலன் தரும். ஒரு நாளைக்கு ஒரே விஷயம். இன்று சந்தை, நாளை பள்ளிக்கூடம், அடுத்த நாள் கல்யாணம்.

* பதிவு செய்யுங்கள்: அவர் சம்மதித்தால் போனில் குரலைப் பதிவு செய்து, இரவில் மறுபடி கேட்கலாம். தொனி காதில் ஏற இதைவிட நல்ல வழி இல்லை. பிற்காலத்தில் அந்தப் பதிவுக்கு என்ன மதிப்பு என்று சொல்லத் தேவையில்லை.

* சிரிக்க விடுங்கள்: பேரன் தப்பாகச் சொன்னால் பாட்டி சிரிப்பார். சிரிக்கட்டுமே! ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் அவருக்குத் தெரிந்த, மற்றவருக்குத் தெரியாத ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது. பள்ளிக்கூடமே போகாதவர் பட்டதாரிக்கு டீச்சர் ஆகிறார். 'இல்லை, இப்படிச் சொல்லு' என்று அதட்டும் குரலில் பழைய கம்பீரம் திரும்பி வரும்.

துணைக்கு ஆள் வேண்டும் என்பவர்களுக்கு வழி இருக்கிறது. தியான் ஹொக் கெங் கோயிலில் 1840-ல் தொடங்கிய சிங்கப்பூர் ஹொக்கியன் சங்கம் மொழி வகுப்புகளை நடத்தியிருக்கிறது. முதியோரைக் கவனிக்கும் செவிலியர்களும் தொண்டர்களும் அடிப்படை வாக்கியங்களைக் கற்றுக்கொள்கிறார்கள்.

வலிக்கும் பாசத்துக்கும் ஒரே சொல்

செவிலியர்கள் ஏன் கற்க வேண்டும்? வலியைச் சொல்லும்போது மனிதர்கள் சின்ன வயது மொழிக்குத்தான் திரும்புகிறார்கள். எங்கே வலி, எப்படி வலி, குத்துகிறதா, இழுக்கிறதா, எரிகிறதா என்பதையெல்லாம் மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சொல்வது கஷ்டம். முதுமையில் நினைவு மங்கும் நோய் வந்தால் இன்னும் சிரமம். அந்த நோயாளிகளில் பலருக்கு, பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவும். குழந்தையில் பேசிய மொழி கடைசிவரை நிற்கும். நேற்றுவரை பேரனிடம் அரைகுறை மாண்டரினில் பேசிய பாட்டி, ஒருநாள் ஹொக்கியன் மட்டும் பேச ஆரம்பிக்கலாம். அன்று புரிந்துகொள்ள ஒருவராவது பக்கத்தில் வேண்டாமா?

ஹொக்கியனில் வலிக்கு 'தியா' என்பார்கள். கடைசியில் லேசாக மூக்கில் முடியும் ஒலி. நாம் பேச்சில் 'வந்தான்' என்பதன் கடைசி எழுத்தை மூக்கால் முடிப்போமே, கிட்டத்தட்ட அப்படி. 'கால் தியா' என்றால் கால் வலி. அதே 'தியா'வுக்கு இன்னொரு பொருளும் உண்டு: ஒருவர் மேல் உயிராக இருப்பது, செல்லம் கொடுப்பது. பாட்டி பேரன் மேல் வைத்திருக்கும் பாசத்தைச் சொல்லவும் அதே சொல்தான். பாட்டி 'தியா' என்று சொல்லும்போது முழங்காலைச் சொல்கிறாரா, பேரனைச் சொல்கிறாரா என்பது கூட இருந்து கேட்பவருக்கு மட்டுமே தெரியும். எந்த ஆப்பும் இதைச் சரியாகச் சொல்லிவிடும் என்று நம்பி உட்கார முடியாது.

இந்தப் படிப்புக்குத் தேர்வு கிடையாது. ஆனால் கடைசித் தேதி உண்டு. 1979-ல் 30 வயதில் இருந்தவர்கள் இப்போது 75-ஐத் தாண்டிவிட்டார்கள். அவர்களைவிட மூத்தவர்களில்தான் ஹொக்கியன் தவிர வேறு மொழி வராதவர்கள் அதிகம். சரளமாகப் பேச ஐந்து வருடம் ஆகும் என்று தள்ளிப்போட்டால், பேசுவதற்கு ஆள் இருக்கமாட்டார். பாதி ஹொக்கியன், பாதி கைஜாடையாக இன்று பேசுவதுதான் லாபம்.

நம் வீட்டில் என்ன மொழி?

சிங்கப்பூர்ச் சீனர் வீட்டுக் கதை என்று இதைப் படித்துவிட்டுத் தள்ளிவிட முடியாது. அதே ஊரில் நம் நிலை என்ன? தமிழ் அங்கே நான்கு அதிகாரபூர்வ மொழிகளில் ஒன்று. பள்ளியில் பாடம் உண்டு, தொலைக்காட்சி உண்டு, நாளிதழ் உண்டு. இத்தனை இருந்தும், 2020 கணக்கெடுப்பில் அங்குள்ள இந்தியர்களில் வீட்டில் அதிகம் பேசுவது தமிழ் என்று சொன்னவர்கள் சுமார் 27 சதவிகிதம்தான். கிட்டத்தட்ட 59 சதவிகிதம் பேர் ஆங்கிலம் என்றார்கள். அரசு ஆதரித்தாலும், வீட்டில் பேசாத மொழி மெல்ல மெல்ல விலகிவிடுகிறது.

தமிழ்நாட்டுக்கே வருவோம். மதுரையில் சௌராஷ்டிர மொழி பேசும் பாட்டிகள், ராஜபாளையம், கோவில்பட்டிப் பக்கம் தெலுங்கு பேசும் தாத்தாக்கள், நீலகிரியில் படுகு பேசும் பெரியவர்கள் இருக்கிறார்கள். எத்தனை வீடுகளில் பேரப்பிள்ளைகள் 'எனக்குப் புரியும், ஆனா பேச வராது' என்கிறார்கள்? தமிழ் வீடுகளிலும் 'பாட்டிகிட்ட இங்கிலீஷ்ல பேசிக் காட்டு' என்று பெருமையாகச் சொல்கிறோம். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பேத்தி பாட்டியைப் பார்த்துச் சிரிக்கிறாள், பாட்டியும் சிரிக்கிறார், நடுவில் நாம் நின்று மொழிபெயர்க்கிறோம். அங்கே ஹொக்கியனுக்கு நடந்ததும் இப்படித்தான் ஆரம்பித்தது.

ஒரு நல்ல செய்தி, பெரியவர்கள் இருக்கும்வரை இதைச் சரிசெய்வதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. நடுவில் நிற்கும் அப்பா, அம்மாக்கள் ஒன்று செய்யலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை, பாட்டி சொல்வதை உடனே மொழிபெயர்த்துவிடாமல் கொஞ்சம் விலகி உட்காருங்கள். பிள்ளை திணறட்டும், பாட்டி மறுபடி சொல்லட்டும், இருவருமாகக் கையைக் காலை ஆட்டிப் புரிந்துகொள்ளட்டும். 'சாப்பிட்டாச்சா?'வுக்கு அடுத்த வாக்கியத்தை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.